பூட்டன் கால்

எங்கள் வீட்டில் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய், இருட்டிய பிறகு வந்து நின்றால், அப்பாயி அடுப்படியில் இருந்தபடியே ஒரு சொல்தான் சொல்லுவாள்: "பூட்டன் கால்." விறகுக் கட்டையால் அடித்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. தம்பி பதினேழு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் பஸ் ஏறியபோதும் அதையே சொன்னாள். அத்தை ஒருத்தி மனதுக்குப் பிடித்தவனோடு பசறைக்குப் போனபோதும் அதையே சொன்னாளாம். எங்கள் குடும்பத்தில் எவர் கால் எந்தத் திசைக்கு நகர்ந்தாலும் பழி போய் விழுவது ஒரே ஆள்மேல்: என் தாத்தாவின் அப்பா.

அவர் இரண்டு முறை ஓடியவர். முதலில், துறையூருக்கும் முசிறிக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் கட்டிய மனைவியையும் தொட்டில் குழந்தையையும் விட்டுவிட்டு, இலங்கை மலைநாடான கண்டிச் சீமைக்கு வந்தார். அடுத்து, இங்கே பேர் பதிந்த தோட்டத்தில் கடனை அப்படியே போட்டுவிட்டு, இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டிப் போனார். அந்த இன்னொருத்தியின் வயிற்றில் வந்தவர்கள் நாங்கள். முதல் ஓட்டத்தைப் பற்றி அவள், எங்கள் பூட்டி, தன் பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லை. 1975-இல் படுக்கையில் விழுந்த பிறகுதான், தனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மருமகளிடம், அதாவது என் அப்பாயியிடம், இந்தியாவில் ஒருத்தி இருந்தாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாயி எனக்குச் சொன்னாள். கூடவே, தகரப்பெட்டியின் அடியில் சேலைக் கிழிசலில் முடிந்து வைத்திருந்த அந்தத் துண்டையும் தந்தாள்.

ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தகரம். மேல்பக்கம் ஒரு துளை. நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, அதன்கீழ் இரண்டு எண்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தியலால் அடித்துப் பதித்திருக்கிறார்கள். அதனால் ஒரு எண் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்று மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. பின்பக்கத்தை விரலால் தடவினால் அவை புடைத்துக்கொண்டு நிற்பது கண்ணை மூடினாலும் தெரியும். துளையின் விளிம்பு மட்டும் மெலிந்து பளபளக்கிறது. கயிறு உரசிய இடம் அது. மழை நாளில் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால் போதும், உள்ளங்கையில் அந்த வாசம் இரவு வரை இருக்கும்.

இதைத்தான் தகர டிக்கெட் என்றார்கள். 1901-இல் வந்த முறை. கங்காணி தன் ஊருக்குப் போய் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவர் கழுத்திலும் இப்படி ஒரு வில்லையைக் கட்டி அனுப்புவார். வழியில் சாப்பாடும் கோச்சிக் (ரயில்) கட்டணமும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதைத் திருப்பி ஆளின் கடனில் ஏற்றும். எங்கள் டவுனில் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னார்: எழுத்து தோட்டப் பகுதிக்கு, முதல் எண் தோட்டத்துக்கு, இரண்டாவது எண் ஆளுக்கு. தன்னிடம் இருந்த பழைய பட்டியலைப் புரட்டி, அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயரையும் சொன்னார்.

ஆளின் பெயர் மட்டும் அதில் கிடையாது.

பூட்டன் வந்தது 1917-இல். அதற்கு முந்திய தலைமுறைகளில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள், வாந்திபேதியில் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். இவருக்கு அந்தக் கதி நேரவில்லை. 1914-இலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் கரையில் இறங்கினால் கோச்சி நிற்கும். ஆனால் கரை தாண்டுவதற்குள்ளேயே கடன் தொடங்கிவிடும். ஊரில் கங்காணி கையில் வைத்த முன்பணம், வழிச்சோறு, மேலே வந்ததும் குளிருக்குத் தரும் கம்பளி, மாதாமாதம் கூலியில் பிடிக்கும் அரிசி. ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆளுக்குக் கடன்தான் உண்டு. பூட்டன் தலையில் எண்பது ரூபாய் இருந்ததாகப் பூட்டி சொல்லியிருக்கிறாள். பத்து வருடம் கழித்து, சட்டம் போட்டு உயர்மலைத் தோட்டங்களில் ஆணின் நாள் கூலியை நிர்ணயித்தபோதே அது 54 சதம்தான். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொரு துண்டும் இருந்தது. அது கடதாசித் துண்டு. இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டுகிறவர்களுக்கு ஆட்களை விடுவித்துத் தருகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுப்பது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். புதுத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் ஒழியாது, இடம் மட்டும் மாறும், மாறும்போது கொஞ்சம் கூடும். சொல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனால் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பிடித்துச் சிறையில் போடலாம்.

1920 மாசியில், காமன் கூத்தில் காமன் எரிந்த இரவு, அவர்கள் புறப்பட்டார்கள்.

இந்த இடத்தை அப்பாயி சொல்லும்போது குரலே மாறிவிடும். பூட்டி அதே கங்காணியின் பிரட்டில், அதாவது ஆள் வரிசையில், கொழுந்தெடுத்தவள். அவளுக்கும் பூட்டனுக்கும் பிறந்த முதல் பிள்ளைக்கு, என் தாத்தாவுக்கு, அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. பௌர்ணமி. தோட்டம் முழுவதும் காமன் பொட்டலில் கூடியிருக்கிறது. தப்புச் சத்தத்தில் நாய்கூடக் குரைக்கவில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஏறினால் மேலே பெரிய வெளி. இன்று ஹோட்டன் சமவெளி என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோமே, அதுதான். ஏழாயிரம் அடி உயரம். மாசியில் புல்லின்மேல் உறைபனி உப்புக் கொட்டியதுபோல் கிடக்கும். பூட்டிக்குக் காலில் செருப்பில்லை. குழந்தையைக் கம்பளிக்குள் மார்போடு கட்டியிருந்தாள். அது அழுதால் சத்தம் போகும் என்று விடியும்வரை பாலிலிருந்து வாயை எடுக்க விடவில்லையாம். இரண்டாம் நாள் ஒகியா பக்கம் இறங்கி, ரயில் பாதையைத் தொடாமல் காட்டோரமாகவே அப்புத்தளை வந்தார்கள். பூட்டியின் வலது காலில் சுண்டுவிரல் கடைசிவரை மரத்தே இருந்தது. "இதைக் கிள்ளு, வலிக்காது" என்று பேரப்பிள்ளைகளிடம் காட்டுவாளாம்.

அவ்வளவு தூரம் அந்தத் தகரத்தை மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார் பூட்டன். பிடிபட்டிருந்தால் முதலில் காட்டிக்கொடுத்திருப்பது அதுதான். ஏன் ஓடையில் எறியவில்லை என்று நான் அப்பாயியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அதுதானே ஊரிலிருந்து கூட வந்தது" என்பாள்.

மறு வருடமே, 1921-இல், கடதாசித் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில் புதுப்பேர் பதிந்தபோது அவர் சொன்ன பெயர் கதிர்வேல். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர்தான். மரணப் பதிவிலும் கதிர்வேல்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் தேயிலை ஓரத்தில் மூன்று கல் நட்டுக் கருப்பண்ணசாமி என்று கும்பிட்டார். தைப்பொங்கலுக்கு மறுநாள் சேவல் அறுப்பார். ஊர்ப் பெயரையும் அந்தச் சாமியையும் தவிரப் பிள்ளைகளுக்கு இந்தியாவைப் பற்றி வேறு எதுவும் தரவில்லை.

இனி நான் சொல்லப்போவது என்னை இன்றைக்கும் தூங்கவிடாத விஷயம்.

1948-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இந்த மண்ணில் பிறந்திருந்தால்தான் பிள்ளை பிரஜை. எங்கள் ஆட்களில் எத்தனை பேரின் தகப்பன் இங்கே பிறந்ததைக் கடதாசியில் காட்ட முடியும்? மறு வருடம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கென்று தனிச் சட்டம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட எங்கள் சனங்களில் ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான் அதில் பிரஜாவுரிமை கிடைத்தது. தாத்தா விண்ணப்பித்தார். பிறப்பைக் காட்டச் சொன்னார்கள். அப்புத்தளைத் தோட்டத்தில் தேடினார்கள், இல்லை. பதுளைப் பதிவுகளில் தேடினார்கள், இல்லை. தகப்பன் பெயர் கதிர்வேல், இன்ன வருடம் என்று தேடினால் அப்படி ஒரு பிள்ளை இந்த நாட்டில் பிறக்கவேயில்லை. விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் வந்தது.

பூட்டன் அப்போது உயிரோடு இருந்தார். ஒரே லயத்தில், அடுத்த அறையான காம்பராவில். அந்தக் கடிதத்தைத் தோட்டப் பாடசாலை வாத்தியார் வீட்டு முன் ஸ்தோப்பில் நின்று வாசித்துச் சொன்னபோது, பூட்டன் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாராம். அப்பாயி இரண்டாம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். வெற்றிலை கூழான பிறகும் இடித்தார். வாத்தியார் போன பிறகும் இடித்தார். உரலில் ஒன்றும் இல்லாமல், இரும்பு இரும்பில் படுகிற சத்தம் மட்டும் இருட்டும்வரை கேட்டதாம். தேடவேண்டியது அக்கரப்பத்தனையில், தேடவேண்டிய பெயர் வேறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருடம் கழித்தும் கங்காணியின் ஆள் வந்து பிடிப்பான் என்று பயந்தாரா, மகன்முன் பெயர் உடைவதற்கு அஞ்சினாரா? சொல்லியிருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. பிறப்பைக் காட்டியவர்களையும் தள்ளினார்கள். ஆனால் பெற்ற பிள்ளை நாடற்றவனாக நிற்கிறான், வாயில் வார்த்தை இருக்கிறது, உலக்கையை நிறுத்தவில்லை. அவர்மேல் எனக்குள்ள கோபம் இந்த இடத்தில்தான்.

1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனங்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எங்கள் வீடும் அதேபோலப் பிரிந்தது. தாத்தா அசையமாட்டேன் என்று இருந்துவிட்டார். அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டு 1972-இல் குடும்பத்தோடு புறப்பட்டார். அந்தக் கோச்சிக்கு எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். நான் பிறந்து மூன்று மாதம். என்னையும் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்களாம். தாத்தா 1985-இல் எந்த நாட்டுக்காரராகவும் இல்லாமலே இறந்தார். அப்பாவுக்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு சத்தியக்கடதாசியில், பிரஜாவுரிமை வந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் நேராகத் தாத்தாவின் குழிமேட்டுக்குப் போனார்.

சின்னத் தாத்தா கூடலூரிலிருந்து எழுதிய முதல் கடிதம் என்னிடம் இருக்கிறது. நீல நிற ஆகாயக் கடிதம். மடிப்பில் கிழிந்துவிட்டது. பாஸ்போர்ட்டில் போட்டிருந்த சொந்த ஊரைத் தேடிப்போன கதையை ஐந்து வரியில் எழுதியிருக்கிறார்: "ஊரில் நம்மை யாருக்கும் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன். கதிர்வேல் என்று இந்த ஊரில் ஒருவர்தான், அவர் ஊரைவிட்டு எங்கும் போனதில்லை, இப்போது துறையூர்ச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அப்பா ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொல்லியிருப்பார்போல் இருக்கிறது." அதன்பின் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

நான் உப தபாலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். என் வேலையில் பாதி பெயரைப் பார்ப்பது. பதிவுத் தபாலில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, சேமலாப நிதிக் கடிதத்தில் லெச்சுமி. மூன்றும் ஒரே அம்மா. முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்த கையை ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய ஓர் எழுத்துக்காக அவள் மூன்று பஸ் மாறிப் போய்ச் சான்று வாங்கிவர வேண்டும். அப்படி ஒரு நாள் ஓர் அம்மாவிடம், "தகப்பன் பெயரைவிட்டுத் தாய் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள்" என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் என் கை நின்றுவிட்டது.

அடுத்த வாரம் விடுமுறை போட்டுவிட்டு நுவரெலியாவுக்குப் போனேன். 1918 முதல் 1920 வரை, அக்கரப்பத்தனைத் தோட்டம், தாய் பெயர் இன்னது என்று எழுதிக்கொடுத்தேன். மூன்றாம் முறை போனபோது கிடைத்தது. 1919 ஏப்ரல், ஆண் பிள்ளை. தாய் பெயர் சரி. தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் கருப்பண்ணன்.

மூன்று கல்லில் அவர் கும்பிட்டது தன் பெயரைத்தான்.

சின்னத் தாத்தா போன ஊருக்கு நானும் போனேன். 2019 ஜூலை கடைசி. ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு கட்டுநாயக்காவில் பையைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். தகரத்தை வெளியே எடுத்து இது என்ன என்று கேட்ட இளம் அதிகாரியிடம், என் பூட்டனின் டிக்கெட் என்று சிங்களத்தில் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தந்தார்.

திருச்சியிலிருந்து பஸ்ஸில் முசிறி, அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கிய இடத்தில் புளியமரமும் ஒரு டீக்கடையும். கருப்பண்ணன் என்று ஒருவர், 1917-இல் கண்டிக்குப் போனவர், அவருடைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, தானே கூட்டிக்கொண்டு போனார்.

ஓட்டு வீடு. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம். எழுபதைத் தாண்டிய ஒருவர், மேல்துண்டு, காதில் முடி. அந்த மூக்கு என் அப்பாவின் மூக்கு. நான் கை கூப்பிக்கொண்டே படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன். தோற்றம் 1917, மறைவு 1994. பெயர், க. கதிர்வேல்.

தபாலகத்தில் இருக்கிறவளுக்கு முதலெழுத்தைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருப்பண்ணன் மகன் கதிர்வேல். தொட்டிலில் விட்டுப்போன குழந்தை. 1972-இல் சந்தைக்குப் போயிருந்தவர். ஊரைவிட்டு எங்கும் போகாதவர்.

பூட்டன் ஓடிப்போய் வேறு தோட்டத்தில் பேர் கேட்டபோது, வாயில் வந்தது அந்தக் குழந்தையின் பெயர்தான். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம். விடியற்காலை நாலரைக்குத் தப்படித்து, பிரட்டுக் களத்தில் மூடுபனிக்குள் ஆட்களை நிறுத்தி, கணக்கப்பிள்ளை பெயர்ப் பதிவான செக்ரோலை விரித்து "கதிர்வேல்" என்று கூப்பிடும் ஒவ்வொரு நாளும் இவர் "ஐயா" என்று முன்னால் வந்திருக்கிறார்.

எனக்குக் கால் தள்ளாடியது. அவர்தான் பிடித்து உட்காரவைத்தார். "யாரம்மா நீ?" என்றார். முறையைச் சொன்னேன். அவர் என் அப்பாவுக்கு அண்ணன் முறை. எனக்குப் பெரியப்பா.

பெரியப்பா நிறையச் சொன்னார். தன் தாத்தா என்ன செய்தார் என்று அந்த வீட்டுக்கு மறதியே இல்லை. மனைவியின் காதுத்தோட்டை அடகு வைத்து வாங்கிய உழவு மாட்டைச் சேவற்கட்டுப் பந்தயத்தில் தோற்றார். மாமனார் களத்துமேட்டில் நாலு பேர் முன்னால் அடித்தார். அன்று இரவே கங்காணியோடு போய்விட்டார். கடிதம் இல்லை, காசு இல்லை. ஆத்தா கூலிக்கு நெல் குத்திப் பிள்ளையை வளர்த்தாள். (அவள் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டார்கள், ஆகையால் எழுதவில்லை.) கண்டியிலிருந்து திரும்பியவர் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் அந்த ஊருக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவாளாம். 1972-இல் ஒருவர் வந்து கதிர்வேலின் மகன் என்று சொன்னார் என்ற செய்தி, வயலில் இருந்த அவளுக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் போனது. கேட்டதும் எழுபது வயதைத் தாண்டிய மனுஷி கதிர் அரிவாளைப் போட்டுவிட்டு பஸ் நிற்கும் இடம்வரை ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது யார் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது என்றார் பெரியப்பா. "என் பிள்ளை பெயரையும் கூடவே கொண்டுபோய்விட்டானே" என்று அன்று ஒரு நாள் அழுதாளாம். 1979-இல் இறந்தபோது கழுத்தில் தாலி இருந்தது. பூ வைத்து, மஞ்சள் பூசி எடுத்தார்கள்.

பூட்டன் இறந்து அப்போது இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. ஆனால் சொன்னேன். மறைப்பதை அவரோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

கங்காணியிடமிருந்து ஓடியதை நான் எந்த நாளும் குற்றம் என்று சொல்லமாட்டேன். மனிதரைக் கடனோடு கட்டிக் கடதாசியில் கைமாற்றியவர்கள் வைத்த பெயர்தான் ஓடுகாலி. அதை நம் வீட்டு அடுப்படியில் நாமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்பாயி உயிரோடு இருந்தால் அவளிடம் அதைச் சொல்லிச் சண்டை போடுவேன். ஆனால் ஆத்தாவிடமிருந்து ஓடியது வேறு. நாற்பது வருடத்தில் ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கலாம். எங்கள் தோட்டத்திலிருந்தே எத்தனையோ பேர் போட்டார்கள், வாத்தியாரிடம் சொல்லி எழுதினார்கள். இவர் ஒருவர் பெயரைப் பிரட்டில் தினம் கேட்டுக்கொண்டு இன்னொருவருக்கு ஒரு வரி அனுப்பாமல் இருந்தார். அந்தப் பெயரை அன்பினால் எடுத்தாரா என்று பெரியப்பாவின் மகள் என்னிடம் கேட்டாள். இருக்கலாம் என்றேன். அந்த அன்பு இங்கே ஒரு படி நெல்லாகவும் வரவில்லை, அங்கே என் தாத்தாவுக்கு ஒரு பிரஜாவுரிமையாகவும் ஆகவில்லை.

நான் போயிருந்த வாரத்தில் ஆடி அமாவாசை வந்தது. பெரியப்பா வருடாவருடம் முசிறிக்குப் போய்க் காவிரியில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். அதற்கு மேல் தாத்தா பெயரைச் சொன்னதில்லை. இறந்தார் என்று தெரியாதவருக்கு எப்படி விடுவது? முந்தின இரவு திண்ணையில் என்னிடம் கேட்டார்: "நாளைக்கு எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் அம்மா? உங்கள் வீட்டில் அவர் கதிர்வேல் அல்லவா?"

"நீங்கள் வைத்திருக்கும் பெயரையே சொல்லுங்கள் பெரியப்பா" என்றேன். "அது உங்கள் அப்பாவின் பெயர். அவரிடமே இருக்கட்டும்."

மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. காவிரி முழுவதும் மணல். நடுவில் கணுக்கால் அளவுக்கு ஓடியது. அந்த நீரைத் தேடி எல்லோரும் மணலில் நடந்து போனோம். தகரத்தைக் கயிற்றில் கோத்து நான் கையில் சுற்றியிருந்தேன். ஐயர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு அப்பா பெயரைக் கேட்டார். கதிர்வேல் என்றார் பெரியப்பா. தாத்தா பெயர்? என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கருப்பண்ணன் என்றார். பாட்டி பெயர்? ஆத்தாவின் பெயரைச் சொன்னார். கரையில் கூட்டம் அதிகம், ஐயருக்குக் காதில் விழவில்லை. மறுபடி, உரக்கச் சொன்னார்.